டேப்லெட்டோடு தெருத்தெருவாகப் போகும் தம்பி தங்கைகளுக்கு

பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், பல்லாவரம், தாம்பரம் என்று நம் பக்கத்துத் தெருக்களில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் கள ஆய்வாளர்களே, இந்த மடல் உங்களுக்கு. உங்களில் பலர் இந்தச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் பொருளியல் படித்தவர்கள். சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒப்பந்தம் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். முடிந்ததும் அடுத்த ப்ராஜெக்ட். அது வரவில்லையென்றால் குரூப் 4, வங்கித் தேர்வு, தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. இந்த வரிசையில் ஒரு வழி விட்டுப்போயிருக்கிறது. கல்லூரியில் அதைச் சொல்வதில்லை, வீட்டில் சொல்ல ஆளில்லை, உங்களை வேலைக்கு எடுத்தவர்களும் வாய் திறப்பதில்லை.

நீங்கள் இன்று யாருக்காகத் தரவு சேகரிக்கிறீர்களோ, அவர்கள் செய்கிற வேலையை நீங்களே செய்வதுதான் அந்த வழி. பரிசோதனைப் பொருளியலிலும் நடத்தைப் பொருளியலிலும் ஆய்வாளராவது. சிரிக்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டின் எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பொருளியலில் அந்த இதழில் ஒரு கட்டுரை வந்தாலே ஒருவருடைய பணி வாழ்க்கை நிலைத்துவிடும் என்பார்கள். கட்டுரையின் களம் சென்னை. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடப்பது 8 மணி நேரம், உண்மையில் தூங்குவது 5.5 மணி நேரம். தலைக்கு மேலே மீனம்பாக்கத்து விமானம் உறும, கொசுவும் புழுக்கமுமாகப் புரளும் நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அடுத்து வந்ததுதான் விஷயம். படுக்கை வசதியும் ஆலோசனையும் ஊக்கமும் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத்திறன் கூடவில்லை, முடிவெடுக்கும் திறனும் கூடவில்லை. வேலையிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கம் மட்டும் வேலையையும் மனநிலையையும் மேம்படுத்தியது. முன்கூட்டிக் கணிக்கச் சொன்னபோது நிபுணர்கள் சொன்னது வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறை ஓரத்தில் துண்டை விரித்துப் படுப்பவரை அந்த நிபுணர்கள் கேட்டிருக்கலாம்.

அதற்குச் சற்று முன்பு, 2019-ல், சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளர்கள் 229 பேரை வைத்து ஃபிராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வு அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் முதன்மை இதழில் வந்தது. மூன்று வாரப் பரிசோதனையில், பகலில் குடிக்காமல் வந்தால் பணம் என்று ஊக்கத்தொகை கொடுத்தார்கள். தினமும் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். பகல் குடி குறைந்தது, மொத்தக் குடி மாறவில்லை, ஆனாலும் சேமிப்பு கூடியது. தாங்கள் குடிக்காமலிருக்கக் கிடைக்கும் ஊக்கத்துக்காக வேறு வழியில் வரவிருந்த பணத்தை விட்டுக்கொடுக்கவும் பலர் தயாராக இருந்தார்கள். 'குடிகாரனுக்குக் குடியை விட மனசில்லை' என்று நாம் திண்ணையில் பேசுவதற்கு நேர்மாறான செய்தி இது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் எழுதிய 'புவர் எகனாமிக்ஸ்' நூலில் சென்னையின் பழ வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் கடனாகச் சரக்கெடுத்து மாலையில் வட்டியோடு அடைக்கிறார்கள், சராசரி வட்டி நாளொன்றுக்கு 4.69 சதவீதம். தண்டலுக்கு வாங்கிப் பழகிய நம் தெருவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பானர்ஜியும் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து 2019-ல் நோபல் பெற்றார்கள்.

இத்தனை ஆய்வுகளிலும் வீட்டு வாசலில் நின்றவர்கள் உங்களைப் போன்றவர்கள். கட்டுரையின் முதல் பக்க அடிக்குறிப்பில் 'களக் குழுவினரின் சிறப்பான உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். மேற்பார்வையாளரின் பெயர் அதில் இருக்கும், உங்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பேராசிரியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்வது நேர்மையான உழைப்பு. பண்ணாத ஆய்வுக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது. என் ஆதங்கம், கேள்வி எங்கே பிறக்கிறது என்பதைப் பற்றியது.

ஒரு மாலை என் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை ஒருத்தி டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே, காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போடும் அம்மா. கேள்வி இது: நிச்சயமாக 100 ரூபாய் வேண்டுமா, அல்லது காசைச் சுண்டித் தலை விழுந்தால் 250, பூ விழுந்தால் ஒன்றுமில்லை, அது வேண்டுமா? அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "காசை நீதானே சுண்டுவே? போன வருசம் சீட்டுக்காரனும் இப்படித்தான் என் கண்ணு முன்னாடி குலுக்கிப் போட்டான். நூறே குடு தாயி." தங்கை முதல் கட்டத்தைத் தொட்டாள். தரவில் அந்த அம்மா 'இடருக்கு அஞ்சுபவர்' ஆகிவிட்டார். தினமும் தண்டலுக்கு வாங்கிய பணத்தில் மாவரைத்து, மழை வந்தால் மொத்தமும் போகும் என்று தெரிந்தே கடை விரிக்கிறவர் இடருக்கு அஞ்சுபவராம். அவர் அஞ்சியது காசுக்கு அல்ல, காசைச் சுண்டும் கைக்கு. தங்கைக்கு அது புரிந்தது. அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் படிவத்தில் அதை எழுத இடமில்லை.

இடருக்கு அஞ்சுவதையும் ஆளை நம்பாததையும் பிரித்தறிவது எப்படி என்பது இந்தத் துறையில் அசல் ஆய்வுக் கேள்வி. அந்தத் திண்ணையில் அது பிறந்தது, அங்கேயே செத்தது. உங்களில் ஒவ்வொருவரிடமும் இப்படிச் செத்த கேள்விகள் நிறைய இருக்கும்.

நம்மவர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போயிருக்கிறார்கள். செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழு வயதுவாக்கில் அமெரிக்கா போனவர். 1998-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், 2002-ல் மெக்காதர் நல்கை, 2003-ல் பானர்ஜி, டுஃப்லோவோடு சேர்ந்து வறுமை ஆய்வுக்கூடமான ஜே-பாலைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரும் ஆனந்தி மணி, எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. வெட்டுக்கு முன்பு கை வறண்டிருக்கும், வெட்டு முடிந்து பணம் வந்ததும் நிமிர்வார். ஒரே ஆளிடம் இந்த இரண்டு சமயத்திலும் ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனைகளை நடத்தினார்கள். கை வறண்ட நாளில் மதிப்பெண் குறைவு. ஏழை முட்டாளாக இருப்பதால் ஏழையாக இல்லை, பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம்.

ஏன் கரும்பு, ஏன் நெல் இல்லை? ஆலைக்காரர்கள் வெட்டு உத்தரவை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரு மாதம், அடுத்தவருக்கு வேறு மாதம். அதனால் வெயில், திருவிழா, பருவம் ஆகியவற்றின் பாதிப்பைப் பணத்தின் பாதிப்பிலிருந்து பிரிக்க முடிந்தது. தென்னார்க்காட்டில் எந்தக் கரும்பு விவசாயியும் திட்டிக்கொண்டே சொல்லும் சங்கதி அது. அதை ஆய்வு உத்தியாக மாற்ற ஊரும் தெரிந்திருக்க வேண்டும், புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவது படித்தால் வரும். தலைகீழாக, புள்ளியியல் தெரிந்த ஒருவருக்கு ஊரைத் தெரிய வைப்பது அதைவிடக் கடினம்.

அந்தக் கட்டுரையை வேதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வெளிவந்த ஆண்டே அதன் புள்ளியியலைக் கேள்வி கேட்டு அதே இதழில் மறுப்பு வந்தது. 2016-ல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்தவர்கள், அறிவுத்திறனில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். இந்தத் துறை அப்படித்தான் நகர்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுபடி செய்து பார்க்கிறார். 2016-ல் 18 ஆய்வுக்கூடப் பரிசோதனைகளை மறுபடி நடத்திப் பார்த்ததில் 11 மட்டுமே அதே முடிவைத் தந்தன.

இதில் உங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நீங்கள் போன வீட்டுக்கு இரண்டொரு நாளில் இன்னொருவர் போய் அதே கேள்விகளில் சிலதைக் கேட்டுச் சரிபார்க்கிறார். பேக் செக் என்கிறீர்கள். ஒரு பதில் பொருந்தாவிட்டால் உங்களுக்குப் போன் வருகிறது, இரண்டு மூன்று வந்தால் வேலையே போகிறது. ஆனால் படிவத்தின் மேலே கையெழுத்துப் போடச் சொன்னால் ஆட்கள் உண்மை பேசுவார்கள் என்று 2012-ல் அமெரிக்காவில் வந்த புகழ்பெற்ற கட்டுரை 2021-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்த கார் காப்பீட்டுத் தரவு இட்டுக்கட்டியது என்று வெளி ஆட்கள் கண்டுபிடித்தார்கள். நேர்மையைப் பற்றிய கட்டுரையின் எக்செல் தாளுக்கு ஒன்பது ஆண்டுகள் பேக் செக் இல்லை! தரவு எங்கே கெடும், எப்படிக் கெடும், எந்த வெயிலில் எந்தக் கேள்வியில் ஆய்வாளரின் கை சும்மா ஒரு கட்டத்தைத் தொடும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இந்த அறிவுக்கு இன்றைக்குப் பொருளியலில் விலை உண்டு.

இதெல்லாம் நம் மண்ணுக்குப் புதிது என்றும் நினைக்காதீர்கள். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறையில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமானது. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு கிராமத்தை அதன்பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதே ஊரை நூறு ஆண்டாகப் பார்த்துக்கொண்டே இருப்பது உலகத்தில் அபூர்வம். அந்த மரபு தொடங்கியது மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தில். 1937 முதல் தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது, பல்லாவரத்தைச் சுற்றி இன்று எத்தனையோ கல்லூரிகள். ஆனாலும் பொருளியல் மாணவர் தன் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதாமலேயே பட்டம் வாங்கிவிட முடிகிறது.

சரி, இந்தப் பாதையின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆறு ஆண்டு ஆகும். அதற்கு முன்பு ஓரிரு ஆண்டு பேராசிரியர் ஒருவரிடம் ஆய்வு உதவியாளராக இருந்தால்தான் பல இடங்களில் திரும்பியே பார்க்கிறார்கள். நம் பி.ஏ. பாடத்திட்டத்தில் இருக்கும் கணிதம் இதற்குப் போதவே போதாது. லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, எகனாமெட்ரிக்ஸ், அதற்கு மேல் ரியல் அனாலிசிஸ் என்று தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஸ்டேட்டா, 'ஆர்' ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்று கைக்குப் பழக வேண்டும். ஒரு கட்டுரை எழுதி அச்சேற மூன்று நான்கு ஆண்டு இழுக்கும், அதற்குள் பத்துப் பேர் குறை சொல்வார்கள். வேலை கிடைத்த பின்பும் ஆறேழு ஆண்டு கழித்துத்தான் அது நிரந்தரமா என்று சொல்வார்கள். களப் பரிசோதனைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு விண்ணப்பம் வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இடையில் அரசு அதிகாரி மாற்றலாகிப் போனால் மொத்தமும் நின்றுபோகும். 'இத்தனை வயசுக்கு மேல் படிப்பா, கல்யாணம் எப்போ' என்று வீட்டில் கேட்பார்கள். தங்கைகளிடம் இன்னும் சத்தமாகக் கேட்பார்கள்.

அதே சமயம், கதவு முன்பிருந்த அளவு சாத்தியிருக்கவும் இல்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், அதுவே உங்களில் பலரின் இப்போதைய சம்பளத்தைவிட அதிகம். அமெரிக்காவின் நல்ல முனைவர் படிப்புகள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, செலவுக்கும் தருகின்றன. பானர்ஜியும் டுஃப்லோவும் முன்னின்று தொடங்கிய எம்.ஐ.டி. இணையப் பாடங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தேர்வுக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. அதில் நன்றாகத் தேறியவர்களை, கையில் பட்டம் இல்லாவிட்டாலும், முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விடுகிறார்கள். ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். 'கடந்த ஏழு நாட்களில் உங்கள் குடும்பம் வீட்டுக்கு வெளியே சமைத்த உணவுக்கு எவ்வளவு செலவழித்தது' என்ற படிவத் தமிழைக் 'கடையில வாங்கிச் சாப்பிட்டது எவ்வளவும்மா ஆச்சு' என்று மாற்றிக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு, ஜர்னல் ஆங்கிலம் ஒன்றும் மலையில்லை.

கேள்விக்குப் பஞ்சமும் இல்லை. 2023 செப்டம்பரில் நம் தெருப் பெண்கள் பலரின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் அரசின் மகளிர் உரிமைத்தொகை விழத் தொடங்கியது. அதே ஆயிரத்தைக் கணவர் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்தப் பணத்தை அவர்கள் மனதில் எந்தப் பானையில் போட்டு வைக்கிறார்கள், பள்ளிச் செலவுக்கா தண்டல் பாக்கிக்கா என்று கேட்டுப் பார்த்தீர்களா? நகைக்கடைச் சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் பதினோரு மாதம் தவறாமல் கட்டுகிறவர், சேமிப்புக் கணக்கில் ஏன் ஒரு மாதமும் போடுவதில்லை? ஏலச்சீட்டில் ஏமாந்தவர் மறுபடி ஏன் சீட்டு சேருகிறார்? மோசடிக்காரர் தெரிந்தவர், உறவுக்காரர் என்பதாலா? இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனை ஆய்வாளர்களே மொத்தமாக அடைத்துவிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடனில் இருந்தார்கள். ஏன் என்பதற்கு முழுப் பதில் இன்னும் இல்லை. மாவு மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினால் உங்களுக்கு நான்கு ஊகம் கிடைக்கும். அவற்றில் எது சரி என்று பிரித்தறியத்தான் யாருக்குத் தருவது என்று பிரிக்கும் குலுக்கல் முறையும், தராமல் விட்ட ஒப்பீட்டுக் குழுவும்.

சாதியைப் பற்றிக் கேட்கவும் தயங்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் பள்ளிப் பையன்களிடம் புதிர்ப்பாதைத் தாளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி சொல்லாத அறையில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். எல்லோர் முன்னும் பெயரோடு சாதியையும் வாசித்த அறையில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சரிந்தார்கள். ஒரு வகுப்பறை, ஒரு பட்டியல் வாசிப்பு, அவ்வளவுதான் செலவு. இங்கே தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் முகவரியைச் சொன்னதும் நேர்காணலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை நிரூபித்துக் காட்டுவது வேறு வேலை. அந்த வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இப்போது இருக்கும் ப்ராஜெக்ட் முடிவதற்குள், உங்கள் மேற்பார்வையாளரிடம் போய், இந்த ஆய்வு எதைச் சோதிக்கிறது, முன்கூட்டிப் பதிவு செய்த திட்டம் எங்கே இருக்கிறது, படிக்கத் தருவீர்களா என்று கேளுங்கள். பொதுவாக அது இணையத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் இருக்கும். கேட்டதற்காக யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவில் எந்தத் தெரு என்பதைச் சிலசமயம் உங்களிடம் மறைக்க வேண்டியிருக்கும், அதற்குக் காரணமுண்டு, அதைப் புரிந்துகொள்ளுங்கள். முடிவு வந்தபின், பதில் சொன்ன வீடுகளுக்குத் திரும்பிப் போய்த் தமிழில் சொல்ல அனுமதி கேளுங்கள்.

அதோடு, உங்கள் படிவத்தில் இடம்பெறாத ஒரு கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்த வீட்டில், எந்தப் பதிலில் அது தோன்றியது, யாருக்கு எதைக் கொடுத்து யாருக்குக் கொடுக்காமல் அதைச் சோதிக்கலாம், எதை அளப்பீர்கள், யாருக்காவது தீங்கு வருமா என்று எழுதுங்கள். இந்த இதழின் முகவரிக்கு அனுப்பினால் என்னிடம் வந்துசேரும். எல்லாவற்றையும் படிப்பேன், பதில் எழுதுவேன். கணிதம் சேர்ந்து படிக்க ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. தமிழில் எழுதினால் போதும். பக்கத்தின் மேலே உங்கள் பெயரை மட்டும் மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
பம்மலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர்